முப்பத்தொன்றாம் தேதி

மூத்தவருக்கு ஒற்றைப்படை நாள்,
எங்களுக்கு இரட்டைப்படை.
கிணற்றைப் பங்கு வைத்த மாமனார்
காலண்டரை முழுசாய்ப் பார்க்கவில்லை.
முப்பத்தொன்று அவர்களுடையது,
மறுநாள் ஒன்றும் அவர்களுடையது.
அவர் இருந்தவரை வாயால் சரிக்கட்டினார்.
போன பிறகு
அடுத்தடுத்து இரண்டு நாள்
எங்கள் வெங்காயம் நாக்கைத் தொங்கப்போட்டது.

இவ்வளவுதான்.
கேட்கிறவர்கள் நம்புவதில்லை.
இன்னும் ஏதோ இருக்குமென்று
என் முகத்தையே பார்க்கிறார்கள்.

மண்வெட்டிக் காம்பை ஓங்கியது என் வீட்டுக்காரர்.
அதை மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்,
போலீசிடம், வக்கீலிடம்,
ஒருமுறை சாமியிடம்கூட.
மூத்தவர் தலையில் ஒன்பது தையல்.
வெள்ளகோவில் ஆஸ்பத்திரி வாசலில்
வசந்தாமணி அக்கா என்னைப் பார்த்தாள்.
திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் காங்கயம் கோர்ட்டு.
முப்பத்தொன்றாம் தேதிகளில்
இரு தரப்பும் மோட்டார் போடக்கூடாதென்று உத்தரவு.
வருஷத்தில் ஏழு நாள்
கிணறு நிம்மதியாய்த் தூங்குகிறது.
நாங்கள் தூங்கியதில்லை.

சண்டையோடு குடியிருக்கவும் பழகிவிடலாம்.
இட்டேரியில் எந்த வண்டிச் சத்தத்துக்குக்
கிளுவை வேலிப்பக்கம் திரும்பி நிற்பதென்று
கால்களே கற்றுக்கொண்டன.
நோம்பிக்கு எங்கள் மாவிளக்கு
அவர்கள் வீடு திரும்பிய பின் புறப்படும்.
பிள்ளைகள் ஒரே பள்ளி வேனில்
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துப் போகிறார்கள்.
ஒட்டுக்கா என்ற சொல்லை
இந்த வீட்டில் யாரும் சொல்லி
மூணு வருஷமாகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
போன சித்திரையில் ஒரு ராத்திரி
அவர்கள் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு ஓடியது.
தண்ணியில்லாத இரைச்சல் எனக்குத் தெரியும்.
எழுந்து உட்கார்ந்தேன்.
கூப்பிடு தூரம்தான்.
ஒரு ‘ஏனுங்க’ போதும்.
அது திணறித் திணறி நிற்கும்வரை
உட்கார்ந்தே இருந்தேன்.
காயில் கட்ட ஆறாயிரம் ஆனதாம்.
அமைதி கொடு, அமைதி கொடு என்று
நான் வேண்டிக்கொண்டது
அந்த ராத்திரி வந்த நிசப்தத்தைத்தானென்றால்
எடுத்துக்கொள் தாயே என்று
வீரமாத்தி கோயிலில் போய் அழுதேன்.

இந்த வருஷம் லீப் வருஷம்.
பிப்ரவரி இருபத்தொன்பதை
உத்தரவு எழுதியவரும் மறந்திருந்தார்.
இருபத்தொன்பது அவர்களுக்கு,
மறுநாள் மார்ச் ஒன்றும் அவர்களுக்கு.

முந்தின நாள் பொழுதோட
இவர் மண்வெட்டியைக் கழுவி
வாசற்படியில் சாத்தி வைத்தார்.
நான் எடுத்துப் போய்
சோளத்தட்டுப் போருக்குள் சொருகினேன்.
தேடினார்.
என்னிடம் கேட்கவில்லை.

வெடியால ஆறு மணிக்கு அவர்கள் மோட்டார் கிளம்பியது.
நான் எருமை கறந்து
சொசைட்டிக்குப் பால் ஊற்றித் திரும்பியும் ஓடியது.
இவர் சாப்பிடாமல் கயிற்றுக் கட்டிலில்
சத்தத்தைக் கேட்டபடி கிடந்தார்.
உச்சிக்கு நின்றது.
கரண்ட் போய்விட்டதென்று நினைத்தேன்.
தலைக்கு மேலே
எங்கள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் இரண்டு பேரும்
அந்த ஃபேனையே பார்த்தோம்.

மூத்தவர் அணைத்தாரா, அக்காவா,
வேறு ஏதாவது வேலையாகவா, தெரியாது.
‘போடாத, கேசு நிக்காது’ என்றார் இவர்.
போட்டேன்.
கடைசிப் பாத்திக்குத் தண்ணி எட்டுவதற்குள்
வெயில் சாய்ந்துவிட்டது.
வேலிக்கு அந்தப்பக்கமிருந்து
ஒரு குரலும் வரவில்லை.

இதைச் சமாதானம் என்று சொல்லமாட்டேன்.
ஏப்ரல் பதினாறு அடுத்த வாய்தா,
வக்கீலுக்குப் பணம் எடுத்து வைத்தாயிற்று.
அதற்கு முன்னால்
மார்ச் முப்பத்தொன்று ஒன்று இருக்கிறது.
அன்றைக்கு உச்சிக்கு மேலே
கிணற்றுமேட்டுக்குப் போகலாமென்று இருக்கிறேன்.
பேசுவதற்கு இல்லை.
ஒரு நாள் சும்மா விட்டால்
எத்தனை படி ஊறுகிறதென்று பார்க்க.
எதிர்க்கரையிலிருந்தும் யாராவது
எட்டிப் பார்க்கலாம்.